ஹெல்சிங்கி – நரிதா: தூரம் அப்படியே இருக்க, நேரம் ஏன் கூடியது?

2022 பிப்ரவரி கடைசி வாரம் வரை, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பின்ஏர் நிறுவனத்தின் விமானத்தில் ஏறியவர் ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் இறங்கிவிடுவார். அதே ஆண்டு மார்ச் 9 அன்று, சில நாள் இடைவெளிக்குப் பிறகு அதே நிறுவனம், அதே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே மறுபடியும் பறக்கத் தொடங்கியது. இப்போது பயணம் 13 மணி நேரம். விமான நிலையம் எதுவும் இடம் மாறவில்லை. விமானத்தின் வேகமும் குறையவில்லை.

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தேடுபவர்களுக்கு இணையத்தில் ஒரே நொடியில் விடை கிடைக்கிறது. தூரத்தை எடுத்து, மணிக்கு 850 அல்லது 900 கிலோமீட்டரால் வகுத்து, மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துத் தருகிறார்கள். பெரும்பாலான தடங்களுக்கு இது ஓரளவு சரியாகவே வரும். ஹெல்சிங்கி–நரிதா தடத்திலோ மூன்றரை மணி நேரம் பிசகுகிறது. அந்த மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால், எந்த நீண்ட தடத்துக்கும் பறக்கும் நேரம் எப்படி உருவாகிறது என்பது தெளிவாகும். அதற்காகத்தான் இந்தத் தடத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

தூரம்

ஹெல்சிங்கி வான்டா விமான நிலையம் ஏறத்தாழ 60.3 பாகை வட அட்சத்தில், 25 பாகை கிழக்குத் தீர்க்கத்தில் இருக்கிறது. நரிதா 35.8 பாகை வட அட்சம், 140.4 பாகை கிழக்குத் தீர்க்கம். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு பெருவட்டத்தின் ஒரு துண்டு. அந்தக் கணக்கைப் போட்டால் சுமார் 7,830 கிலோமீட்டர் வருகிறது. கடல் மைலில் 4,230-ஐ ஒட்டி.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊர்களையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு தென்கிழக்காக, கஜகஸ்தான், மங்கோலியா பக்கமாக இறங்கும். அந்தக் கோட்டின் மேலேயே ஒரே திசைகாட்டிக் கோணத்தில் பறந்தால் 8,780 கிலோமீட்டர் ஆகும். பெருவட்டப் பாதையைவிட 950 கிலோமீட்டர் அதிகம், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண். உண்மையான குறுகிய பாதை வேறு மாதிரி போகிறது. டோக்கியோ ஹெல்சிங்கிக்குத் தெற்கே 24 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது; ஆனாலும் விமானம் கிளம்பும்போது மூக்கை வடகிழக்கே திருப்புகிறது. 51 பாகைத் திசையில் புறப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, ஊரல் மலைத்தொடரின் வட கோடியில் வோர்குட்டா நகரத்துக்குப் பக்கத்தில் 67.3 பாகை வட அட்சத்தைத் தொட்டு, பிறகுதான் தெற்கே சரியத் தொடங்குகிறது. சைபீரியாவைக் குறுக்கே கடந்து, அமூர் ஆற்றைத் தாண்டி, சீனாவின் வடகிழக்கு மூலையை ஒரு துண்டு வெட்டி, ஜப்பான் கடலுக்கு மேல் வந்து இறங்குகிறது.

இந்தப் பாதையில் எந்த நாட்டின் மேல் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். புறப்பட்டு 350 கிலோமீட்டருக்குள் பின்லாந்து முடிந்துவிடுகிறது. கடைசி ஆயிரம் கிலோமீட்டர் ஜப்பான் கடலும் ஜப்பானும். நடுவில் சீனாவுக்கு மேல் சில நூறு கிலோமீட்டர். மிச்சம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர், மொத்தத்தில் நான்கில் மூன்று பங்கு, ஒரே நாட்டின் வானம்: ரஷ்யா.

ஒன்பதரை மணி நேரம் எப்படி வந்தது

இந்தத் தடத்தில் பறப்பது ஏர்பஸ் ஏ350-900. இதன் பயண வேகம் மாக் 0.85, அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை வழக்கமாக மைனஸ் 56 பாகை செல்சியஸ். அங்கே ஒலி மணிக்கு 1,060 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதில் 85 சதவீதம் 900 கிலோமீட்டர். 7,830-ஐ 900-ஆல் வகுத்தால் 8 மணி 42 நிமிடம். ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலேறுவது, டோக்கியோவின் நெரிசலான வானத்தில் வரிசையில் நின்று இறங்குவது எல்லாம் சேர்த்து ஒன்பதரை. கால அட்டவணையில் போடுவது வாசலில் இருந்து வாசல் வரையிலான நேரம். காற்றில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. திரும்பி வரும்போது எதிர்க்காற்று கொஞ்சம் இழுக்கும், பத்து மணி நேரத்தை எட்டும். வகுத்தல் கணக்கு இங்கே வேலை செய்தது, ஏனென்றால் விமானம் கிட்டத்தட்ட பெருவட்டத்தின் மேலேயே பறக்க முடிந்தது.

பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் தன் தொழிலையே இந்தக் கணக்கின் மேல்தான் கட்டியிருந்தது. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால் ஜப்பான், கொரியா, சீனா எல்லாவற்றுக்கும் ஹெல்சிங்கி வழியாகப் போவதே குறுக்குவழி. ஒன்பதரையும் பத்தும் சேர்ந்து பத்தொன்பதரை. இரண்டு முனையிலும் சுத்தம் செய்து எரிபொருள் நிரப்ப நேரம் சேர்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஒரு விமானம் டோக்கியோ போய்த் திரும்பிவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே விமானம் மறுபடி கிளம்பலாம். தினசரி சேவைக்கு ஒரே ஒரு விமானம் போதும். விமானத் தொழிலில் இதைவிட நல்ல எண் கிடைப்பது அபூர்வம்.

கதவு அடைபட்டபோது

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அன்றே உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா பதிலுக்கு 36 நாடுகளின் விமானங்களைத் தடை செய்தது. பின்லாந்து அந்தப் பட்டியலில் இருந்தது.

லண்டனில் இருந்தோ பாரிஸில் இருந்தோ டோக்கியோ போகிறவர்களுக்கும் சுற்றுப்பாதைதான் ஆயிற்று. ஆனால் ஹெல்சிங்கிக்கு விழுந்த அடி வேறு அளவில் இருந்தது. அதன் மொத்த அனுகூலமும் ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து வந்தது. ரஷ்யா இல்லை என்று வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால், கிழக்கே 350 கிலோமீட்டரில் ஒரு சுவர். வடக்கே அந்தச் சுவர் துருவம் வரை நீள்கிறது, ஏனென்றால் ஆர்க்டிக் கடலின் பெரும் பகுதியில் விமானங்களை வழிநடத்தும் பொறுப்பு ரஷ்யாவிடம் இருக்கிறது. தெற்கே பெலாரஸும் உக்ரைனும். பெலாரஸை ஐரோப்பிய நிறுவனங்கள் 2021 மே மாதத்திலிருந்தே தவிர்த்து வந்தன. அந்த மாதம் ஒரு பயணிகள் விமானத்தைத் திசைதிருப்பி மின்ஸ்கில் இறக்கி, உள்ளே இருந்த பத்திரிகையாளரைக் கைது செய்ததுதான் காரணம்.

ஆக இரண்டே வழி. ஒன்று, நேரே வடக்கே போய்த் துருவத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்குவது. இன்னொன்று, போலந்து, ருமேனியா, கருங்கடல், ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று தெற்கே சுற்றி வருவது. நிறுவனம் இரண்டையும் வைத்துக்கொண்டது. எந்த நாள் எந்த வழி என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

துருவத்தின் வழியே

வடக்கு வழி இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹெல்சிங்கியில் இருந்து வட துருவம் 3,300 கிலோமீட்டர். துருவத்தில் இருந்து அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே உள்ள பெரிங் நீரிணை 2,690 கிலோமீட்டர். அங்கிருந்து கம்சாட்கா தீபகற்பத்தைத் தொடாமல் அலூசியன் தீவுகளின் மேற்கு முனைப் பக்கமாக வளைந்து நரிதா வர ஏறத்தாழ 4,900. கூட்டினால் 10,900 கிலோமீட்டர் வருகிறது. இது உருண்டையின் மேல் நான் போட்ட கணக்கு. நிஜத்தில் விமானம் அங்குமிங்கும் ஒதுங்குவதால் இன்னும் கூடும். நேர் பாதையைவிட 3,000 கிலோமீட்டருக்கு மேல் அதிகம்.

ஹெல்சிங்கியில் இருந்து பெரிங் நீரிணைக்குக் குறுகிய வழி சரியாகத் துருவத்தின் மேல் போவதில்லை. அது துருவத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, ரஷ்யப் பொறுப்பில் உள்ள வானத்துக்குள் போகிறது. அதைத் தவிர்க்கத்தான் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கமாக ஏறி, துருவத்தின் மேலோ அதற்கு அப்பாலோ போய், அலாஸ்கா பக்கமாக இறங்க வேண்டியிருக்கிறது. பயணிகளுக்குத் துருவம் கடந்த சான்றிதழ் கொடுத்தார்கள். அது ஒரு நல்ல நினைவுப் பொருள்தான். அந்தப் புள்ளியின் மேல் விமானம் போனதற்குக் காரணம் மட்டும் அழகான காட்சி அல்ல, அரசியல் எல்லை.

துருவத்துக்கு மேல் காற்று அதிகம் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். மைனஸ் 70 பாகையில் ஒலியின் வேகம் மணிக்கு 1,030 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. மாக் 0.85-இல் பறக்கும் விமானம் அங்கே 900-க்குப் பதில் 875 கிலோமீட்டர்தான் போகும். விமானி எஞ்சினைத் தொடவே இல்லை, வேகம் மட்டும் மணிக்கு 25 கிலோமீட்டர் குறைகிறது. ஆகவே 10,900-ஐ 880-ஆல் வகுப்பது நியாயம்: 12 மணி 23 நிமிடம். தரையில் உருளவும் ஏற இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் 13 மணி நேரம். அட்டவணையில் போட்ட எண் அப்படியே வந்துவிட்டது.

குளிர் எரிபொருளையும் பாதிக்கிறது. உலகின் பெரும் பகுதியில் விமானங்களுக்கு ஊற்றப்படும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 பாகையில் உறையத் தொடங்கும். வெளியே மைனஸ் 70 என்றாலும், வேகமாக மோதும் காற்று இறக்கையின் மேற்பரப்பைச் சற்றுச் சூடாக்குவதால் எரிபொருள் உடனே அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆனால் பல மணி நேரம் அந்தக் குளிரில் ஊறினால் மெல்ல இறங்கும். விமானி அறையில் எரிபொருளின் வெப்பநிலை காட்டப்படுகிறது. எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் கீழே வெப்பமான காற்றுக்கு இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். இரண்டும் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

அப்புறம், எங்கே இறங்குவது என்ற கேள்வி. இரண்டே எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனால் மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை அடையக்கூடிய தூரத்திலேயே எப்போதும் பறக்க வேண்டும். இந்த விதியின் பெயர் ஈட்டாப்ஸ். ஏ350-900-க்கு 2014-இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதிக்கலாம் என்று சான்று கொடுத்தது. ஆனால் விமானத்துக்குச் சான்று இருந்தால் மட்டும் போதாது. அதை இயக்கும் நிறுவனமும் தனக்கென்று அனுமதி பெற வேண்டும். துருவப் பாதையில் ஒதுங்க இடம் என்றால் ஒரு பக்கம் ஸ்வால்பார்டின் லாங்இயர்பியன், மறுபக்கம் அலாஸ்கா. நடுவில் பனிக்கடல். 78 பாகை வட அட்சத்துக்கு மேலே இருப்பதைத் துருவப் பகுதி என்று அமெரிக்க விமானத் துறை வரையறுக்கிறது. துருவத்தின் வழியே போனால் அந்தப் பகுதிக்குள் 2,670 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கே பறக்கும் விமானத்தில் கடும் குளிரைத் தாங்கும் உடை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்காவது அவசரமாக இறங்கினால் யாராவது வெளியே போய் வேலை பார்க்க வேண்டுமே.

வழி கண்டுபிடிப்பதும் அங்கே வேறு மாதிரி. காந்தத் திசைகாட்டி காந்தத் துருவத்தின் அருகே எதையும் ஒழுங்காகக் காட்டாது. தீர்க்கரேகைகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடுவதால், நேராகப் பறக்கும் விமானத்தின் திசை எண் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே போகும். துருவத்தைக் கடக்கும் கணத்தில் வடக்கே போய்க்கொண்டிருந்த விமானம், கொஞ்சமும் திரும்பாமல், தெற்கே போகத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் 81 பாகைக்கு மேல் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்; அங்கே உயர் அதிர்வெண் வானொலியோ, துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள்களோதான் துணை. சூரியனில் பெரிய சீற்றம் வந்தால் வானொலியும் கைவிடும், கதிர்வீச்சும் கூடும். அந்த நாட்களில் பாதையைத் தெற்கே தள்ளிவிடுவார்கள்.

இதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸில் இருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக சோல் போக வேண்டிய கொரிய விமானம் ஒன்று துருவப் பகுதியில் திசை தவறி, முழுவதுமாக வளைந்து, சோவியத் எல்லைக்குள் மூர்மான்ஸ்க் பக்கம் போய்விட்டது. போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். விமானி உறைந்த ஏரி ஒன்றின் மேல் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜில் இருந்து சோல் போன இன்னொரு கொரிய விமானம் கம்சாட்கா, சகலின் பக்கமாக விலகிப்போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். ஜி.பி.எஸ். வசதி பொதுமக்கள் விமானங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது அதன் பிறகுதான். இன்றைக்கு அதே பெரிங் கடல் பக்கம் ஏ350 நிம்மதியாகப் பறக்கிறது என்றால், அதற்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன.

தெற்கு வழியும் காற்றும்

தெற்கு வழியை நாடு நாடாகக் கூட்டினால் 11,500 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. துருவ வழியைவிட 600 கிலோமீட்டர் அதிகம். அப்படியானால் அந்தப் பக்கம் ஏன் போக வேண்டும்? காற்றுக்காக.

பூமியின் நடு அட்சங்களில் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. ஜப்பானுக்கு மேல் குளிர்காலத்தில் அது உலகிலேயே மிக வலுவாக இருக்கும் இடங்களில் ஒன்று. மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் வசபுரோ ஒயிஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே தடேனோ என்ற இடத்தில் இருந்த வானிலை ஆய்வகத்தில் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றைக் கண்டறிந்தார். முடிவை 1926-இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளி உலகில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் அதன் வலு பரவலாகத் தெரிந்தது. நரிதாவில் இறங்கும் ஒவ்வொரு விமானமும் ஒயிஷியின் காற்றைக் கடந்துதான் வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். 11,500 கிலோமீட்டர் முழுக்க சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் தரை வேகம் 950. அப்போது காற்றில் 12 மணி 6 நிமிடம். மற்றவை சேர்த்தால் 13 மணி நேரத்துக்கும் கீழே. துருவ வழியோடு போட்டி போடும் எண் இது. திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகி, தரை வேகம் 850 ஆனால் பதிமூன்றரை மணி நேரம். மற்றவை சேர்த்து 14-க்கு மேல். அந்த நிலையில் ஜெட் காற்றோட்டத்தை விட்டு விலகிப் போகும் துருவ வழியே திரும்பி வருவதற்கு லாபம். போகும்போது தெற்கு, வரும்போது வடக்கு என்று ஒரே பயணச்சீட்டில் உலகத்தையே ஒரு வளையம் சுற்றி வருவது இந்தத் தடத்தில் சாத்தியமாகிவிட்டது.

போகும்போது கிடைக்கும் லாபமும் வரும்போது ஆகும் நஷ்டமும் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 9,000 கிலோமீட்டர் தூரத்தைக் காற்றே இல்லாமல் 900 வேகத்தில் போய்த் திரும்ப 20 மணி நேரம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அடித்தால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவழிப்பதால் நஷ்டம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

இது முதல் முறை இல்லை

துருவ வழியைப் புதுமை என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையில் பழைய வழிதான் திரும்ப வந்தது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மேற்கு நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனில் இருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவப் பாதையைத் தொடங்கியது. டிசி-7சி என்ற விசிறி எஞ்சின் விமானம், ஏறத்தாழ 32 மணி நேரப் பயணம். பிறகு பல நிறுவனங்கள் ஆங்கரேஜில் நின்று எரிபொருள் நிரப்பிப் போயின.

1983 ஏப்ரலில் பின்ஏர் தன் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, ஹெல்சிங்கியில் இருந்து துருவம், பெரிங் நீரிணை வழியாக டோக்கியோவுக்கு எங்கும் நிற்காமல் பறந்தது. மேற்கு ஐரோப்பாவில் இருந்து ஜப்பானுக்கு இடைநிற்காத முதல் சேவை அது. எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 13 மணி. 39 ஆண்டுகள் கழித்து, இறக்கை முதல் எஞ்சின் வரை எல்லாம் மாறிய விமானத்தில், அதே தடத்தில் அதே 13 மணி நேரம். விமானப் பயணத்தின் வேகம் இந்த இடைவெளியில் கூடவே இல்லை. எரிபொருள் செலவு குறைந்தது, இரண்டு எஞ்சினிலேயே அந்தத் தூரம் போக முடிகிறது, பாதுகாப்பு கூடியது. ஆனால் மணிக் கணக்கைக் குறைத்தது சைபீரியாவின் வானம் திறந்ததுதான். அது மூடியதும் நேரம் பழைய இடத்துக்கே போய்விட்டது.

அந்த வானமும் இலவசமாகத் திறக்கவில்லை. சைபீரியாவின் மேல் பறக்க ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டணம் கட்டி வந்தன. அதைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலம் பேச்சு நடத்தியது. சீன நிறுவனங்கள் பல இன்றும் அந்த வழியே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. ஒரே இரண்டு நகரங்களுக்கு இடையே, எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று மணி நேரம் வித்தியாசப்படும் நிலை இதனால் வந்தது.

கூடுதல் நேரத்தின் விலை

ஏ350-900 மணிக்கு ஏறத்தாழ 6 டன் எரிபொருள் எரிக்கும். மூன்றரை மணி நேரம் கூடினால் 20 டன்னுக்கு மேல். அந்த 20 டன்னையும் முதல் மணி நேரத்திலிருந்தே சுமந்து பறக்க வேண்டும். சுமப்பதற்கே இன்னும் கொஞ்சம் எரியும். எடை எல்லையை நெருங்கும்போது சரக்கைக் குறைக்க வேண்டிவரும். விமானிகளும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் 13 மணி நேரப் பணியில் முறை வைத்து ஓய்வெடுக்க ஆள் தேவை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது அந்த 24 மணி நேரச் சுற்று உடைந்ததுதான். 13-ம் 13-ம் 26. தரையில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் 30 மணி நேரத்தை நெருங்கும். தினமும் ஒரே நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமானால் இனி ஒரு விமானம் போதாது, இரண்டாவது வேண்டும். அந்த இரண்டாவது விமானத்துக்கும் வாடகை, பராமரிப்பு, ஆட்கள் எல்லாம் உண்டு. கிடைக்கும் பயணிகளோ அதே எண்ணிக்கை. எரிபொருள் விலை ஏறினால் இறங்கும் என்று காத்திருக்கலாம், இந்தக் கணக்கில் காத்திருக்க ஒன்றும் இல்லை. ஆசியாவுக்கென்று வாங்கி வைத்திருந்த விமானங்களில் சிலவற்றைப் பின்ஏர் வேறு நிறுவனங்களுக்கு ஆட்களோடு வாடகைக்கு விட்டது. 2023 அக்டோபரில் இருந்து அதன் ஏ330 விமானங்கள் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்துக்காக சிட்னி–சிங்கப்பூர் தடத்தில் பறந்தன. மூன்றரை மணி நேர நீட்சி பூமியின் மறுகோளத்தில் போய் முடிந்த விதம் இது.

வேறு தடத்துக்கு இதைப் போட்டுப் பார்க்க

எந்த இரண்டு விமான நிலையங்களை எடுத்தாலும் பெருவட்டத் தூரத்தில் இருந்தே தொடங்கலாம். அது உறுதியான எண். ஆனால் அதை உடனே 900-ஆல் வகுத்துவிடக் கூடாது. ஒரு உருண்டை வரைபடத்தில் அந்தக் கோட்டை வரைந்து, எந்தெந்த நாடுகளின் மேல் போகிறது, அவற்றில் எது அந்த விமானத்துக்கு மூடியிருக்கிறது என்று பாருங்கள். மூடியிருந்தால் சுற்றிப்போகும் திருப்பங்களைத் துண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள். கோடு கிழக்கு மேற்காக ஓடுகிறது என்றால் கிழக்கே போகும் நேரத்தையும் மேற்கே வரும் நேரத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும். வடக்கு தெற்காக ஓடினால் காற்று அவ்வளவாகப் பொருட்டில்லை. கடைசியில் 40 முதல் 50 நிமிடம் சேருங்கள்.

அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் கழிப்பவர்கள் இந்தத் தடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பான் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை வைத்திருக்கிறது. பின்லாந்து கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் 7 மணி நேர வித்தியாசம், கோடையில் 6. குளிர்காலத்தில் மாலை 5:30-க்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால் நரிதாவில் மறுநாள் பிற்பகல் 1:30. அதே புறப்பாடு ஜூலையில் என்றால் பிற்பகல் 12:30. இறங்கிய பிறகு வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. துருவ வழியில் விமானம் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டு முனைகளின் நேர வித்தியாசம் மட்டும்தான் கணக்கு, நடுவில் எந்தக் கோட்டைத் தாண்டினாலும் ஒன்றே.

பயணத்தைத் திட்டமிடும்போது நான் மற்றவர்களுக்குச் சொல்வது இதுதான்: தூரக் கணிப்பான் தரும் நேரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் அட்டவணையில் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் பாருங்கள். விமானங்களைத் தொடரும் தளங்களில் அதே எண் கொண்ட விமானம் கடந்த ஒரு வாரத்தில் பறந்த கோடுகளையும் பாருங்கள். ஹெல்சிங்கி–நரிதாவுக்கு அப்படிப் பார்த்தால் ஒரு நாள் கோடு ஸ்வால்பார்ட் பக்கம் ஏறும், இன்னொரு நாள் காஸ்பியன் கடல் பக்கம் இறங்கும். 7,830 கிலோமீட்டர் நேர்க்கோட்டில் மட்டும் எந்தக் கோடும் இருக்காது.